மோட்டார் செய்பவர்களுக்கு, கருமருந்தைத் தொடமாட்டோம் என்று சொன்னவர்களிடமிருந்து

மாதிரி ராக்கெட் மோட்டார் செய்து விற்கும் நிறுவனத்தார் அனைவருக்கும்,

வணக்கம்.

ஹூஸ்டனுக்கு வெளியே மாடு மேயும் ஒரு புல்வெளியில், மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு சேர்ந்து ராக்கெட் விடுகிறவன் நான். 11 வருடமாக விடுகிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பார்க்கிற அதே முகங்கள்தான். மோட்டார் விலையைப் பற்றிய இந்த மடலை ஆங்கிலத்தில் உங்களுக்கு ஏற்கனவே அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. "ஏன் சார், இந்த வருஷம் ஒரு பிள்ளைக்கு ரெண்டு மோட்டார்தானா?" என்று பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். அவர்கள் சார்பில் நான் உங்களிடம் என்ன கேட்டேன் என்பது அவர்களுக்கும் தெரியவேண்டும்.

போன அக்டோபரில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்து வயதுப் பெண். ஒரு முழ நீளத்தில் அட்டைக் குழாய் ராக்கெட். மூன்று பால்சா மர இறக்கைகளையும் அவளே உப்புத்தாளில் தேய்த்து ஒட்டியிருந்தாள். தீப்பிடிக்காத தாளை நாலு துண்டு கசக்கி உள்ளே தள்ளி, அதன்மேல் பாராசூட்டை மடித்து வைத்தாள். மோட்டாரின் களிமண் துவாரத்துக்குள் தீமூட்டும் இக்னைட்டர் கம்பியை நுழைத்து, பிளாஸ்டிக் அடைப்பானை அழுத்தினாள். ராக்கெட்டை ஏவுகம்பியில் செருகி, இரண்டு மின்கிளிப்பையும் இக்னைட்டர் கம்பியில் மாட்டிவிட்டு, 15 அடி தள்ளி வந்து நின்றாள். ஏவுபெட்டியில் சாவியைச் செருகியதும் பல்பு எரிந்தது. எல்லாரும் ஐந்திலிருந்து கீழே எண்ணினார்கள். பூஜ்ஜியம் வந்தது. அவள் பொத்தானை அழுத்தவில்லை.

"அங்கிள், இது போயிட்டா இன்னைக்கு அவ்ளோதானே?"

"ஆமாம்மா. ஒருத்தருக்கு ரெண்டு. ஒண்ணு காலையிலேயே விட்டுட்டே."

"அப்ப இதை அடுத்த மாசத்துக்கு வச்சுக்கவா?"

சாவியை உருவி என் கையில் கொடுத்துவிட்டாள். மோட்டாரைப் பத்திரமாகக் கழற்றி, கம்பியை எடுத்து, அதே பிளாஸ்டிக் உறையில் திரும்பப் போட்டோம். இந்தப் புல்வெளியில் பிள்ளைகள் அழுது பார்த்திருக்கிறேன். ராக்கெட் மரத்தில் மாட்டிக்கொண்டால் அழுவார்கள், பாராசூட் விரியாமல் விழுந்தால் அழுவார்கள். பறக்கவிடவே மனசு வராமல் ஒரு பிள்ளை திரும்பிப் போனதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

இதைப் படிக்கும் பெற்றோருக்காக ஒரு விஷயம். ராக்கெட்டை ஒரு தடவை வாங்கினால் போதும். கவனமாக இருந்தால் அதே ராக்கெட் இருபது தடவைகூடப் பறக்கும். ஒவ்வொரு தடவையும் எரிந்து தீர்வது மோட்டார் மட்டும்தான். கைவிரல் அளவு காகிதக் குழாய், ஒரு முனையில் களிமண், உள்ளே இறுக்கி அடைத்த கருமருந்து. ஏ8-3 என்று மேலே எழுதியிருந்தால், ஏ என்பது மொத்த உந்துதலின் அளவு, 8 என்பது சராசரி விசை நியூட்டனில், 3 என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட்டைத் தள்ளும் மருந்து பற்றுவதற்குள் கழியும் நொடிகள். எழுத்து ஒன்று ஏறினால் உந்துதல் இரண்டு மடங்கு. ஏ-யைவிட பி இரண்டு மடங்கு, பி-யைவிட சி இரண்டு மடங்கு. எங்கள் பிள்ளைகள் இரண்டின் அடுக்குகளைப் பள்ளியில் படிப்பதற்கு முன்பே இதில் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

சரி, விலைக்கு வருகிறேன். நான் கொடுத்த காசை மட்டும் சொல்கிறேன். நாங்கள் ஆரம்பித்த காலத்தில் கைவினைப் பொருள் விற்கும் ஒரு பெரிய கடையில் 40 சதவீதக் கூப்பன் கிடைக்கும். மூன்று மோட்டார் உள்ள ஒரு சி6-5 அட்டை ஏழு டாலருக்குள் முடிந்துவிடும். வாரத்துக்கு ஒரு கூப்பன், வீட்டுக்கு ஒருவர் என்று ஐந்தாறு பெற்றோர் போய் வாங்கி வருவார்கள். 2021-இல் கூப்பன் நின்றது. அப்புறம் அட்டையின் விலையும் படிப்படியாக ஏறியது. இப்போது அதே அட்டைக்கு 15 டாலருக்கு மேல் கொடுக்கிறேன், வரி தனி. இணையத்தில் வாங்கலாம் என்றால் அபாயப் பொருள் கட்டணம் என்று ஒன்று பெட்டியோடு சேர்ந்து வருகிறது. பெட்டிக்குள் இரண்டு அட்டை இருந்தாலும் இருபது இருந்தாலும் கட்டணம் ஒன்றுதான். ஒரு தடவை அவசரத்துக்கு இரண்டே அட்டை வாங்கினேன். உள்ளே இருந்த சரக்கைவிட அனுப்பிய செலவு அதிகம். முன்பு ஒரு சனிக்கிழமைக்கு ஒரு பிள்ளைக்கு நான்கு மோட்டார் கொடுத்தோம். இப்போது இரண்டு. பிள்ளைகளிடம் வாங்கும் பணத்தை நாங்கள் ஏற்றவில்லை, ஏற்றினால் யார் வரமாட்டார்கள் என்பது எனக்குப் பெயர் பெயராகத் தெரியும்.

உங்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. சிவகாசிப் பக்கம் பிறந்தவன் நான். மருந்து இடிக்கும் தொழிலில் ஒரு பொறி என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. வெடியுப்பு, கந்தகம், கரி என்று மூன்றே சரக்குதான், ஆனால் அதைத் தொடும் ஒவ்வொரு கைக்கும் தனி அறை, தனிச் சுவர், தனிக் காப்பீடு வேண்டும். அமெரிக்காவில் கருமருந்து செய்யும் தொழிற்சாலை என்று சொல்ல லூசியானாவின் மிண்டனில் இருக்கும் கோயெக்ஸ் ஒன்றுதான். 2021-இல் அது நிற்கப்போகிறது என்று அறிவிப்பு வந்தபோது எங்களுக்குக் கதிகலங்கிவிட்டது. 2022-இல் மாதிரி ராக்கெட் செய்யும் எஸ்டஸ் நிறுவனத்தின் கிளை அதை வாங்கி உயிரோடு வைத்தது. அதற்கு இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம்.

பெரிய மோட்டார்களுக்கும் இதே நிலைதான். அவற்றின் எரிபொருளில் பெரும்பங்கு அம்மோனியம் பெர்குளோரேட், எரிவதற்கு ஆக்சிஜன் தரும் ஒரு உப்பு. 1988 மே 4-ஆம் தேதி நெவாடாவின் ஹென்டர்சனில் அந்த உப்பைச் செய்துவந்த பெப்கான் தொழிற்சாலை வெடித்தது. சேலஞ்சர் விபத்துக்குப் பிறகு விண்ணோடங்கள் பறக்காமல் நின்றுவிட்டதால், அவற்றுக்காகச் செய்த சரக்கு அங்கேயே குவிந்து கிடந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். அதன் பிறகு உற்பத்தி யூட்டாவின் சீடர் சிட்டிக்குப் போனது. பத்து வருடத்தில் இந்த நாட்டுக்கே அந்த ஒரு இடம் என்றாகிவிட்டது. ஏவுகணைக்கும் அதே உப்பு, எங்கள் பிள்ளைகளின் ராக்கெட்டுக்கும் அதே உப்பு. ஏவுகணைக்கு ஆர்டர் கூடினால் எங்களுக்கு என்ன விலைக்குக் கிடைக்கும் என்று யோசிக்க பொருளாதாரம் படிக்கவேண்டியதில்லை. இதெல்லாம் உங்கள் கையில் இல்லை, தெரியும்.

ஆனால் நீங்கள் மற்ற பொம்மை வியாபாரிகளைப் போல் இல்லை. உங்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு வாக்கு இருக்கிறது. அதைத்தான் நினைவுபடுத்த வந்தேன்.

எங்கள் கிளப்பில் சேரும் பிள்ளை முதல் நாள் பாதுகாப்பு விதிகளை வாய்விட்டுப் படித்துக் கையெழுத்துப் போடும். தேசிய ராக்கெட்ரி சங்கம் வகுத்த விதிகள். தொழிற்சாலையில் செய்து, சான்றளிக்கப்பட்ட மோட்டார்களை மட்டும்தான் பயன்படுத்துவேன், அவற்றைப் பிரிக்கவோ மாற்றவோ மாட்டேன் என்று அதில் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். ராக்கெட்டில் எதை வேண்டுமானாலும் நீயே செய், மூக்கைச் செய், இறக்கையைச் செய், பாராசூட்டைத் தை, ஆனால் மோட்டாரை மட்டும் கடையில்தான் வாங்கவேண்டும் என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சத்தியம் வாங்குகிறோம். வேறு எந்தப் பொழுதுபோக்கிலும் பிள்ளைகள் தாங்களே முன்வந்து கடைக்காரரிடம் இப்படித் தங்களை ஒப்படைப்பதில்லை.

ஏன் அப்படி ஒரு விதி வந்தது என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். 1957 அக்டோபர் 4-இல் ஸ்புட்னிக் மேலே போனது. அமெரிக்காவில் பள்ளிப் பையன்களுக்கு ராக்கெட் பைத்தியம் பிடித்தது. குழாயை எடுத்தார்கள், வீட்டுக் கொல்லையில் தீக்குச்சி மருந்தையும் துத்தநாகத்தூளையும் இடித்து அடைத்தார்கள். விரல் போனது, கண் போனது, உயிரும் போனது. அதற்கு மூன்று வருடம் முன்பே, நெப்ராஸ்காவின் நார்ஃபோக் என்ற சிற்றூரில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் ஒரு சின்ன ராக்கெட் செய்திருந்தார். அவருக்கு வாணவேடிக்கையில் பிரியம், உடன்பிறந்த ராபர்ட்டுக்கு மாதிரி விமானத்தில் பிரியம். காகிதமும் பால்சாவும்தான், உலோகம் கிடையாது. மாற்றிப் போடக்கூடிய மோட்டார், இறங்கி வர பாராசூட். ஸ்புட்னிக் போவதற்குச் சில மாதம் முன்பு, நியூ மெக்சிகோவின் வெள்ளை மணல் (ஒயிட் சாண்ட்ஸ்) ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன், பிள்ளைகள் இப்படிக் காயப்படுவதைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, கார்லைல் அவருக்குத் தன் ராக்கெட்டுகளை அனுப்பினார். இந்தப் பொழுதுபோக்கு அங்கே பிறந்தது.

ஸ்டைன் ஆரம்பித்த நிறுவனத்துக்கு மோட்டார் போதவில்லை. டென்வரில் பட்டாசு வியாபாரக் குடும்பத்தில் வளர்ந்த வெர்ன் எஸ்டஸிடம் போனார்கள். அவர் ஒரு இயந்திரத்தைக் கட்டி அதற்கு மேபல் என்று பெயர் வைத்தார். ஐந்தரை நொடிக்கு ஒரு மோட்டார் அதிலிருந்து விழுந்தது. என்னைக் கேட்டால், இந்தக் கதையில் எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் அதுதான். கையால் ஒவ்வொன்றாக அடைத்த மோட்டாரை ஒரு பையனின் கைச்செலவுக் காசில் வாங்கிவிடமுடியாது. மேபல் அடைத்த மோட்டாரை வாங்கமுடிந்தது. பேப்பர் போட்டுச் சம்பாதித்த சில்லறையைத் தபாலில் அனுப்பி மோட்டார் வாங்கிய பையன்கள், கொல்லையில் குழாயை அடைப்பதை விட்டார்கள். கடையில் கிடைப்பது பாதுகாப்பானது என்று அறிவுரை சொன்னதால் மட்டும் அவர்கள் விடவில்லை. கடையில் கிடைப்பது அவர்கள் கைக்கு எட்டியது.

இன்றைக்கு எட்டாமல் போனால் என்ன ஆகும்? போன வருடம் எங்கள் பையன்களில் ஒருவன், பதினான்கு வயது, நல்ல சூட்டிகை, என்னிடம் வந்து சமையலறைச் சர்க்கரையும் வெடியுப்பும் சேர்த்து வாணலியில் உருக்கினால் மோட்டார் ஆகுமாமே என்று கேட்டான். யூடியூபில் பார்த்தானாம். ஏன்டா, கையெழுத்துப் போட்டாயே என்றேன். "ஒரு மோட்டார் அஞ்சு டாலர் அங்கிள், எனக்கு ஒரு நாளைக்குப் பத்து வேணும்" என்றான். அவன் வாங்கிவைத்திருந்த பொட்டலத்தை அவன் அம்மாவும் நானுமாகச் சேர்ந்து எடுத்து அப்புறப்படுத்தினோம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் கேட்ட கணக்கில் தப்பில்லை. அவனுக்கு நிஜமாகவே பத்து வேண்டும்.

அவன் எங்கள் போட்டி அணியில் இருப்பவன். 2003-இலிருந்து நடக்கும் அமெரிக்க ராக்கெட்ரி சவாலுக்கு மூன்று வருடமாக அணி அனுப்புகிறோம். பச்சை முட்டையை ராக்கெட்டில் வைத்து, சொன்ன உயரத்துக்குப் போய், சொன்ன நேரத்துக்குள் உடையாமல் இறக்கவேண்டும். உயரத்தில் ஓர் அடி தவறினால் ஒரு புள்ளி போச்சு. நல்ல நூறு அணிகள் மே மாதம் வர்ஜீனியாவில் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள். ஓர் அடியைப் பிடிக்கவேண்டும் என்றால் குளிர்ந்த காலையில் ஒரு பறத்தல், வெயிலில் ஒன்று, காற்றடிக்கும்போது ஒன்று, ராக்கெட்டின் எடையில் மூன்று கிராம் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று. நோட்டுப்புத்தகத்தில் வரிசையாக எழுதிவைத்து அதிலிருந்து கோடு வரைவார்கள். ஒவ்வொரு பறத்தலுக்கும் ஓர் எஃப் மோட்டார். நாங்கள் வாங்குவது ஒன்று முப்பது டாலரை ஒட்டி வருகிறது. பணக்காரப் பள்ளிகளின் அணி நாற்பது தடவை பறக்கவிட்டுப் போட்டிக்கு வருகிறது. எங்கள் பிள்ளைகள் போன தடவை ஒன்பது. ஒன்பது புள்ளிகளை வைத்துக்கொண்டு கோடு வரைந்தார்கள். நன்றாகத்தான் வரைந்தார்கள்.

எரிபொருளை மட்டும் மாற்றிப் போட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் உலோக மோட்டார்க் கூடு வாங்கினால் செலவு குறையும் என்று சிலர் சொல்வார்கள். பெரியவர்களுக்குச் சரி. முதலில் கூட்டுக்கு ஒரு பெரும் தொகை வேண்டும், ஒவ்வொரு தடவையும் கிரீஸ் தடவி வளையங்களைச் சரியாகப் பொருத்தவேண்டும். ஒன்று பிசகினால் ராக்கெட்டே எரியும். பத்து வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுக்கமாட்டேன்.

பிள்ளைகளுக்கு வேண்டியது சின்ன மோட்டார். இதைத்தான் உங்களிடம் வலியுறுத்திக் கேட்கிறேன். ஏ8-3-இல் இருப்பது சுமார் மூன்று கிராம் மருந்து. சி6-5-இல் பத்து கிராமுக்கு மேல். ஆனால் கடையில் இரண்டின் விலைக்கும் நடுவில் பெரிய இடைவெளி இல்லை. காரணம் புரிகிறது. குழாய், களிமண், இயந்திரம், ஆள், பெட்டி, அனுப்பும் செலவு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான், மருந்தின் விலை அதில் கொஞ்சம். ஆனால் கடையில் நிற்கும் அப்பா என்ன செய்வார்? கிட்டத்தட்ட அதே காசுக்கு மூன்று மடங்கு மருந்து கிடைக்கிறதே என்று சி-யை வாங்கிவருவார். பிள்ளையின் முதல் ராக்கெட் ஆயிரம் அடிக்குப் போய், காற்றில் பாராசூட்டோடு மிதந்து, வேலிக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் போய்விடும். முதல் பறத்தலே கடைசிப் பறத்தல். அதே ராக்கெட் ஏ-யில் கண்ணுக்குத் தெரியும் உயரத்துக்குப் போய், புல்வெளிக்குள்ளேயே இறங்கியிருக்கும். பிள்ளை ஓடிப்போய் எடுத்து, சூடு ஆறுவதற்குள் அடுத்ததற்குத் தயாராகியிருக்கும்.

அதனால் அரை ஏ, ஏ இரண்டையும் உங்கள் கணக்கில் வேறு மாதிரிப் பாருங்கள். அதில் லாபம் வேண்டாம் என்று வையுங்கள். விட்டதை சி-யிலும் டி-யிலும் கொஞ்சம் ஏற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னைப் போன்ற ஐம்பது வயதுக்காரர்கள் அதைக் கொடுப்போம். எங்களுக்குச் சம்பளம் வருகிறது. ஏ மோட்டாரை வாங்குகிறவனுக்கு வருவதில்லை.

பள்ளிகளுக்கு 24 மோட்டார் கொண்ட பெட்டியாக விற்கிறீர்கள், அது நல்ல காரியம். பள்ளி என்ற பலகை மாட்டாத எங்களைப் போன்றவர்களுக்கும், ஊர் நூலகத்துக்கும், ஸ்கவுட் குழுவுக்கும் பள்ளிக்குத் தரும் விலையிலேயே அதைக் கொடுங்கள். அபாயப் பொருள் கட்டணம் உங்கள் கைக்கு வருவதில்லை என்று தெரியும், ஆனால் ஒரு ஊரில் இருக்கும் ஏழெட்டுக் குழுக்களின் ஆர்டரை வருடத்துக்கு இரண்டு தடவை ஒன்றாகச் சேர்த்து அனுப்ப உங்களால் ஏற்பாடு செய்யமுடியும். வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் வேலையை நாங்கள் செய்கிறோம். அப்புறம், விலையை ஏற்றுவதாக இருந்தால் ஜூன் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆகஸ்ட்டில் பிள்ளைகளிடம் வருடக் கட்டணத்தை வாங்கி முடித்தபின் அக்டோபரில் விலை ஏறினால், அந்த இரண்டு மாதத்துக்கு நடுவில் விழும் பள்ளத்தை என் மாதிரி ஆட்கள் சொந்தப் பையிலிருந்து நிரப்புகிறோம்.

ஒன்றை மட்டும் உரிமையோடு சொல்கிறேன். பெர்குளோரேட் எரிபொருளை வெடிபொருள் என்று மத்திய அரசின் துறை வகைப்படுத்தியபோது, 2000-இல் வழக்குப் போட்டது தேசிய ராக்கெட்ரி சங்கமும், பெரிய ராக்கெட் விடுகிறவர்களின் ட்ரிபோலி சங்கமும். ஒன்பது வருடம் நடந்தது. 2009 மார்ச்சில் வாஷிங்டன் நீதிமன்றத்தில் நீதிபதி ரெஜி வால்டன் அந்த வகைப்படுத்தல் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். வழக்குச் செலவுக்குக் காசு போட்டவர்கள் ராக்கெட் விடுகிறவர்கள். இருபது டாலர், ஐம்பது டாலர் என்று அனுப்பினார்கள். உங்கள் சரக்குக்குச் சிக்கல் வந்தபோது இது அவர்கள் வியாபாரம், நமக்கென்ன என்று யாரும் இருந்துவிடவில்லை.

அடுத்த பறத்தல் வருகிற மாதம் இரண்டாவது சனிக்கிழமை, காற்று மணிக்கு 20 மைலுக்குள் இருந்தால். அந்தப் பெண் விடாமல் வைத்த ஏ8-3 என் பெட்டியில் தனி உறையில் இருக்கிறது. மற்றவர்களுடையதோடு கலந்துவிடக்கூடாது என்று உறையின் மேல் தன் பெயரின் முதல் எழுத்தை ஸ்கெட்ச் பேனாவால் தமிழில் எழுதிவைத்திருக்கிறாள். உங்களில் யாராவது வரமுடியுமானால் வாருங்கள். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பிப்போம். டீயும் சுண்டலும் எங்கள் செலவு.

அன்புடன்,
ஹூஸ்டன் பக்கத்துப் புல்வெளியிலிருந்து,
ஒரு சனிக்கிழமைக்காரன்